ஆங்கிலத்தின் ‘ஃபுட்’ நம் ‘பாத’த்திலிருந்து வந்ததா? ஒரு மறுப்பும் விளக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மதுரைப் பதிப்போடு வரும் ஞாயிறு இணைப்பில், ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்குத் தமிழே வேர் என்று ஒரு பட்டியல் வெளியாகியிருந்தது. ‘பாதம்’ என்ற தமிழ்ச் சொல் மேற்கே போய் ‘பாத்’, ‘பூத்’, ‘பூட்’ என்று திரிந்து ‘ஃபுட்’ ஆனது என்பது அதன் முதல் வரி. அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பள்ளிப் பேச்சுப் போட்டிகளுக்குக் குறிப்பாகக் கொடுக்கிறார்கள். அதனால், தவறு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஒரு சொல்லின் பிறப்பை எப்படிக் கண்டறிகிறார்கள் என்பதை இந்த ஒரே சொல்லை வைத்துக் காட்டுகிறோம். கடிதம் நீளமானதற்குப் பொறுத்தருள வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ‘ஃபுட்’டுக்கும் ‘பாத’த்துக்கும் உறவு உண்டு. ஆனால் கட்டுரை சொல்லும் உறவு அல்ல. ‘பாதம்’ வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். அந்த வடமொழிச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே மூலத்தின் இரு கிளைகள். தமிழுக்கென்று உள்ள சொற்கள் அடி, கால், தாள். வள்ளுவர் கடவுள் வாழ்த்தில் ‘நற்றாள்’ என்றும் ‘மாணடி’ என்றும்தான் பாடினார். வெளியிலிருந்து வரும் சொற்களுக்கு வடசொல், திசைச்சொல் என்று பெயரிட்டு இலக்கணம் வகுத்தது தொல்காப்பியம். ஆகவே ஒரு சொல்லை வடசொல் என்பதில் தமிழுக்குக் குறைவு ஏதும் இல்லை.

மேலே போகுமுன் எழுத்து முறை பற்றி ஒரு குறிப்பு. நம் எழுத்தில் வல்லினத்தின் கடின ஒலிக்கும் மென்மையான ஒலிக்கும் ஒரே வடிவம்தான். இங்கே அந்த வேறுபாடுதான் உயிர்நாடி. ஆகவே இக்கடிதத்தில் ‘பாதம்’ என்னும்போது வரும் மென்மையான ஒலியின் இனத்தை ‘த’ என்றும், ‘பாட்டு’ என்னும்போது வரும் கடின ஒலியின் இனத்தை ‘ட்’ அல்லது ‘ட்ட’ என்றும் எழுதுகிறோம். இரட்டிப்பு கடினத்தைக் காட்ட மட்டுமே. ‘ஃஸ்’ என்பது வண்டின் ரீங்காரம் போன்ற, குரல் கலந்த ஸகரம். சொல்லுக்கு முன்னால் உடுக்குறி (*) இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கல்லிலும் இல்லை, ஒப்பீட்டால் மீட்டது என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழியியலாளர் ஆகஸ்ட் ஷ்லைக்கர் பரவலாக்கிய வழக்கம் அது.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், ஐஸ்லாந்திக், மறைந்துபோன கோதிக் ஆகியவை ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. அந்தத் தாய்மொழிக்கு மூல ஜெர்மானியம் என்று பெயர். ஏறக்குறைய கி.மு. 500 முதல் கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலம் வரை, தெற்கு ஸ்காண்டிநேவியாவிலும் வடக்கு ஜெர்மனியிலும் பேசப்பட்டது. அதைப் பேசியவர்கள் நூல் எதையும் எழுதி வைக்கவில்லை. அந்த மக்களின் பழைய எழுத்தான ரூன் எழுத்துப் பொறிப்புகள் ஏறத்தாழ கி.பி. 2ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகின்றன. மதுரையை அடுத்த மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரோடு உள்ள தமிழ்-பிராமி கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். அதாவது, இங்கே மலைக்குகையில் தமிழை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கிலத்தின் தாய்மொழி வாயிலும் காதிலும் மட்டும் வாழ்ந்தது. தமிழின் தொன்மைக்குச் சான்று வேண்டுமென்றால் அந்தக் கல் போதும். ‘ஃபுட்’டை இழுக்க வேண்டியதில்லை.

அந்த மூல ஜெர்மானியத்தில் பாதத்துக்கு உரிய சொல் *ஃபோட்ஸ். இனி இது எப்படி மீட்கப்பட்டது என்று பார்ப்போம்.

முதலில் மெய்யொலிகள். பழைய வடிவங்களை வரிசையாக வைத்தால் இப்படி வரும்: கோதிக்கில் ‘ஃபோட்டுஸ்’, பழைய ஆங்கிலத்தில் ‘ஃபோட்’, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் ‘ஃபோட்ர்’. ஜெர்மானியத்துக்கு வெளியே லத்தீனில் ‘பெதிஸ்’ (பாதத்தின்), கிரேக்கத்தில் ‘பொதோஸ்’ (பாதத்தின்), சமஸ்கிருதத்தில் ‘பதஸ்’ (பாதத்தின்). மற்றவர்களிடம் பகரம் இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் ‘ஃப்’. மற்றவர்களிடம் ‘த’ இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் ‘ட்’. ஒரு சொல்லில் மட்டும் இப்படி அமைந்தால் தற்செயல் எனலாம். ஆனால் சொல்லுக்குச் சொல் இதே கணக்கு வருகிறது. லத்தீன் மீன் ‘பிஸ்கிஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’. லத்தீன் பத்து ‘தெகெம்’, ஆங்கிலத்தில் ‘டென்’. லத்தீன் இரண்டு ‘துவோ’, ஆங்கிலத்தில் ‘டூ’. லத்தீன் ‘எதெரெ’ (உண்ண), ஆங்கிலத்தில் ‘ஈட்’. டேனிஷ் அறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் 1818இலும், ஜெர்மன் அறிஞர் யாகோப் கிரிம் 1822இலும் இந்த ஒழுங்கை எடுத்துக்காட்டினார்கள். கிரிம் விதி என்று இன்று பாடநூல்களில் இருப்பது இதுதான்.

இதே விதியை நம் வீட்டுச் சொற்களை வைத்தே சோதிக்கலாம். பூரணம், பஞ்ச, பசு, தசம், தந்தம், பாதம் ஆகிய ஆறையும் எடுத்துக்கொள்ளுங்கள். பூரணத்துக்கு ‘ஃபுல்’, பஞ்சவுக்கு ‘ஃபைவ்’, பசுவுக்கு ‘ஃபீ’ (பழைய ஆங்கிலத்தில் கால்நடை என்ற பொருளும் இருந்தது), தசத்துக்கு ‘டென்’, தந்தத்துக்கு ‘டூத்’, பாதத்துக்கு ‘ஃபுட்’. பகரத்துக்கு ‘ஃப்’, ‘த’வுக்கு ‘ட்’ என்று ஆறும் பிசகாமல் விதிக்குள் அமர்கின்றன. இந்த ஆறுமே தமிழில் வடசொற்கள். அதே பொருளுக்கு நம் சொந்தச் சொற்கள் நிறை, ஐந்து, ஆ, பத்து, பல், அடி. இவற்றில் ஒன்றுகூட அந்த ஆங்கிலச் சொற்களோடு பொருந்தாது. ஆங்கிலத்துக்குத் தமிழ்தான் வேர் என்றால், தமிழின் சொந்தச் சொற்கள் எல்லாம் விலகி நிற்க, கடன் வாங்கியவை மட்டும் ஏன் பொருந்துகின்றன? கட்டுரையாளர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மதுரையில் இதற்கு உயிருள்ள சான்றும் உண்டு. இங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் நெசவாளர் குடும்பங்கள் பேசும் சௌராஷ்டிர மொழி, சமஸ்கிருதமும் அடங்கிய இந்தோ-ஆரிய இனத்தைச் சேர்ந்தது. ஐந்துக்கு அவர்கள் ‘பாஞ்ச்’ என்பார்கள். அந்தப் ‘பா’வும் ஆங்கில ‘ஃபைவ்’வின் ‘ஃப்’பும் கிரிம் விதிப்படி ஒரே ஒலியின் வழிவந்தவை. ஆங்கிலத்துக்குத் தூரத்து உறவான மொழியை மதுரைத் தெருவில் தேடுபவர்கள் கேட்க வேண்டியது அந்தப் பேச்சைத்தான்.

அடுத்து உயிரொலி. லத்தீனில் எகரம், கிரேக்கத்தில் ஒகரம், ஜெர்மானியத்தில் ஓகாரம். இது முரண்பாடு போலத் தோன்றும். காரணம், ஜெர்மானியம், லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் பொதுத் தாய்மொழியான மூல இந்தோ-ஐரோப்பியத்தில் இந்தச் சொல் வேற்றுமைக்கேற்ப உயிரை மாற்றிக்கொண்டது. எழுவாயில் *போத்ஸ், இரண்டாம் வேற்றுமையில் *பொதம், ஆறாம் வேற்றுமையில் *பெதெஸ். லத்தீன் எகரத்தைப் பொதுவாக்கிக்கொண்டது. கிரேக்கம் ஒகரத்தை. ஜெர்மானியம் எழுவாயின் நெட்டுயிரான ஓகாரத்தை எடுத்து எல்லா வேற்றுமைக்கும் விரித்துவிட்டது. சமஸ்கிருதத்தில் எ, ஒ இரண்டும் அகரமாகிவிட்டதால் தடம் மங்கியிருக்கிறது, ஆனாலும் அழியவில்லை. இரண்டாம் வேற்றுமையில் ‘பாதம்’ என்று நெடில், ஆறாம் வேற்றுமையில் ‘பதஸ்’ என்று குறில். பழைய ஒகரம் மெய்க்கு முன் திறந்த அசையில் வந்தால் சமஸ்கிருதத்தில் ஆகாரமாக நீளும். பழைய எகரம் நீளாது. வேத மொழியில் உள்ள இந்தக் குறில் நெடில் வேறுபாட்டை ‘பாத், பூத், பூட்’ என்ற வரிசை விளக்கவே முடியாது.

இனி வேற்றுமை உருபுகள். சொல்லின் பிறப்பைத் தீர்மானிப்பதில் எல்லாவற்றையும்விட வலுவான சான்று இதுதான், ஆனால் நாளிதழ்க் கட்டுரைகளில் யாரும் தொடுவதே இல்லை. *ஃபோட்ஸ் என்பது மெய்யீற்றுப் பெயர். வேருக்கும் உருபுக்கும் நடுவே இணைப்பு உயிர் கிடையாது. ஒருமையில் எழுவாய் *ஃபோட்ஸ். இரண்டாம் வேற்றுமை *ஃபோட்டு, கடைசி உகரம் மூக்கொலியோடு. மூன்றாம் வேற்றுமை *ஃபோட்டே. நான்காம் வேற்றுமை *ஃபோட்டி. ஆறாம் வேற்றுமை *ஃபோட்டிஃஸ். பன்மையில் எழுவாய் *ஃபோட்டிஃஸ், இரண்டாவது *ஃபோட்டுன்ஃஸ், மூன்றாவது *ஃபோட்டுமிஃஸ், நான்காவது *ஃபோட்டுமஃஸ். ஆறாவது *ஃபோட்டோ, அதன் கடைசி ஓகாரம் மூக்கொலியோடு வழக்கத்தைவிட நீண்டு ஒலிக்கும். ஒருமை ஆறாம் வேற்றுமையும் பன்மை எழுவாயும் ஒரே வடிவம் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் மூல இந்தோ-ஐரோப்பியத்தில் ‘-எஸ்’ என்றே ஈறு. ஜெர்மானியத்தில் அது ‘-இஃஸ்’ ஆனது. அழுத்தமில்லாத இடத்து ஸகரம் குரல் கலந்து ‘ஃஸ்’ ஆகும் என்ற விதியை 1877இல் வெளியிட்டவர் டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர். எழுவாயின் ஸகரம் மட்டும் கடினமான டகரத்தை ஒட்டி நிற்பதால் மாறவில்லை.

யாரும் எழுதி வைக்காத *ஃபோட்டிஃஸ் என்ற பன்மை ஈற்றை எப்படிக் கண்டார்கள்? அதில் இகரமும் ‘ஃஸ்’ஸும் இருந்தன என்பதற்குத் தனித்தனியே தடயம் இருக்கிறது. ‘ஃஸ்’ பழைய நார்ஸில் ரகரமாக மாறும். அந்த மொழியில் பாதங்களுக்கு உரிய சொல் ரகரத்தில்தான் முடிகிறது; இன்றைய ஐஸ்லாந்திக்கின் ‘ஃபைட்டுர்’ வரை அந்த ரகரம் வாழ்கிறது. இகரம் தானே மறைந்துவிட்டது, ஆனால் தனக்கு முன்னே இருந்த ஓகாரத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டு மறைந்தது. உதட்டைக் குவித்துக்கொண்டே ‘ஏ’ சொல்லிப் பாருங்கள். அந்த ஒலிதான் பழைய நார்ஸ் பன்மையிலும், தொடக்ககாலப் பழைய ஆங்கிலப் பன்மையிலும் இருந்தது. ஸ்வீடிஷில் ஒருமை ‘ஃபூட்’, பன்மையில் இன்றும் அந்தக் குவிந்த உயிர்தான்.

அடுத்த அசையின் உயிர் முந்தைய உயிரை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. எழுத்தில் இலை, விலை, குடம், உடம்பு. பேச்சில் எலை, வெலை, கொடம், ஒடம்பு. பின்னால் வரும் அகர, ஐகாரங்கள் முன்னால் உள்ள இகரத்தை எகரமாகவும் உகரத்தை ஒகரமாகவும் இறக்குகின்றன. பழைய ஆங்கிலத்தில் நடந்தது வேறு உயிர்களில், வேறு திசையில்; ஆனால் பொறிமுறை இதே வகை.

ஆங்கிலத்தில் படிகள் இப்படி அமைந்தன. *ஃபோட்டிஃஸ் என்பதில் கடைசி ‘ஃஸ்’ ஆங்கிலம், ஜெர்மன், டச்சு அடங்கிய மேற்கு ஜெர்மானிய மொழிகளில் விழுந்தது. மிஞ்சிய இகரம் ஓகாரத்தைக் குவிந்த ஏகாரமாக்கியது. முன் அசை நெடிலாக இருந்ததால் அந்த இகரமும் விழுந்தது. பிறகு உதட்டுக் குவிவு போய்ப் பன்மை ‘ஃபேட்’ ஆனது. ஒருமையில் இகரமே இல்லாததால் ‘ஃபோட்’ அப்படியே நின்றது. 15ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கில நெட்டுயிர்கள் ஒரு படி மேலே ஏறியபோது, ‘ஃபேட்’ என்பது ‘ஃபீட்’ ஆயிற்று, ‘ஃபோட்’ என்பது ‘ஃபூட்’ ஆயிற்று. பின்னர் ஒருமையின் உயிர் மட்டும் குறுகி ‘ஃபுட்’ ஆனது. எழுத்தில் மட்டும் நெடில் காலத்து இரட்டை ஓ தங்கிவிட்டது. ஆங்கில ஆசிரியர்கள் ‘விதிவிலக்கு, மனப்பாடம் செய்’ என்று சொல்லிக்கொடுக்கும் ‘டூத்–டீத்’, ‘கூஸ்–கீஸ்’, ‘மௌஸ்–மைஸ்’, ‘மேன்–மென்’ அனைத்தும் இதே இகரத்தின் வேலை. ஒன்பதாம் வகுப்பு மாணவருக்குக் கூட இதைக் கரும்பலகையில் விளக்கிவிடலாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஒருமை நான்காம் வேற்றுமை *ஃபோட்டியிலும் இகரம் இருந்தது அல்லவா? அங்கும் இதே மாற்றம் நடந்திருக்க வேண்டும். நடந்திருக்கிறது: பழைய ஆங்கிலத்தில் ‘பாதத்துக்கு’ என்பதற்கும் ‘ஃபேட்’ என்ற வடிவமே உண்டு. மீட்டுருவாக்கம் சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. பன்மையிலிருந்து ஊகித்த விதி, ஒருமையின் வேறொரு மூலையில் தானாகவே உறுதிப்படுகிறது. ஆறாம் வேற்றுமை ஒருமையில் மட்டும் பழைய ஆங்கிலம் ‘ஃபோட்டெஸ்’ என்று வேறு வகைப் பெயர்களைப் பின்பற்றிவிட்டது. அதனால் *ஃபோட்டிஃஸ் என்பதன் ஒருமைத் தடத்தை இந்தச் சொல்லில் காண முடியாது. அதே இனத்துப் பெயரான ‘புக்’ (புத்தகம்) அங்கே கைகொடுக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது ‘போக்’. ‘புத்தகத்தின்’ என்பதற்கும் ‘புத்தகங்கள்’ என்பதற்கும் ஒரே வடிவம், ‘பேச்’. இரண்டிலும் இகரம் இருந்ததை அந்த ஏகாரம் சொல்கிறது. இந்தப் பன்மை பின்னாளில் வழக்கொழிந்து ‘புக்ஸ்’ ஆகிவிட்டது. ‘ஃபீட்’ அன்றாடம் வாயில் புழங்கும் சொல் என்பதால் தப்பித்தது.

கோதிக் மொழியில் வேறொன்று நடந்தது. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர் விவிலியத்தை மொழிபெயர்த்த மொழி அது. அந்த மொழிபெயர்ப்பின் 6ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்று ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. அங்கே எழுவாய் ‘ஃபோட்டுஸ்’ என்று உகரத்தோடு இருக்கிறது. மூல வடிவத்திலும் உகரம் இருந்ததோ என்று ஒருவர் ஐயுறலாம். அப்படி இருந்திருந்தால் லத்தீனிலும் கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் அதன் சாயல் இருக்க வேண்டும், இல்லை. பழைய ஆங்கிலப் பன்மையும் பொருந்தாது. நடந்தது இதுதான்: இரண்டாம் வேற்றுமை ஒருமை *ஃபோட்டு, பன்மை *ஃபோட்டுன்ஃஸ், நான்காம் வேற்றுமைப் பன்மை *ஃபோட்டுமஃஸ் மூன்றிலும் உகரம் இருந்தது. அவை உகர ஈற்றுப் பெயர்களின் வடிவங்களோடு ஒத்துப்போயின. அந்த மூன்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் மற்றவற்றையும் உகர ஈற்றாக மாற்றிக்கொண்டார்கள். பழைய ஜெர்மனில் இதே பெயர் இகர ஈற்றுக் கூட்டத்தில் சேர்ந்தது. ஒவ்வொரு மகளும் தாய்ச்சொல்லின் வெவ்வேறு வடிவத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைச் சீராக்கியிருக்கிறாள். *ஃபோட்ஸ் என்ற எழுவாய் வடிவம் எந்த மகளிடமும் அப்படியே எஞ்சவில்லை. எல்லோரிடமும் உள்ளதை ஒரே மூலத்திலிருந்து விளக்கக்கூடிய வடிவம் அது ஒன்றே என்பதால்தான் உடுக்குறியோடு அதை எழுதுகிறார்கள். கட்டுரையின் ‘பாத், பூத், பூட்’ என்ற இடைப்படிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். அந்த இடைப்படிகளை எந்தத் தரவும் பொய்யாக்க முடியாது, ஏனென்றால் எந்த விதிக்கும் அவை கட்டுப்படவில்லை. *ஃபோட்ஸை நாளையே ஒரு புதிய பொறிப்பு பொய்யாக்கலாம்.

ஆறாம் வேற்றுமைப் பன்மை பற்றி ஒரு சிறு குறிப்பு. பழைய ஆங்கிலத்தில் எண்ணுப் பெயருக்குப் பின் அளவுச் சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் வரும்: ‘ஃபோட்டா’. அதன் ஈறு தேய்ந்து விழுந்ததால்தான் ‘சிக்ஸ் ஃபுட்’ என்று ஒருமை போலத் தோன்றும் வழக்கு எஞ்சியது. நாமும் ‘ஆறடி உயரம்’ என்றுதான் சொல்கிறோம், ‘ஆறு அடிகள்’ என்பதில்லை. நம்மிடம் காரணம் வேறு: அஃறிணையில் பன்மை விகுதி கட்டாயமில்லை. வடிவம் ஒத்திருக்கிறது, வரலாறு ஒத்திருக்கவில்லை. இதையும் உறவுக்குச் சான்றாக யாராவது எழுதிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்லி வைக்கிறோம்.

இப்போது கடன் சொற்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கலாம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு உண்மையிலேயே போன சொற்கள் உண்டு. கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனது. சுருட்டு ‘செரூட்’ ஆனது. மிளகுத்தண்ணீர் ‘மல்லிகடானி’ ஆனது. கட்டுமரத்தின் ககரம் ககரமாகவே, டகரம் டகரமாகவே போயிருக்கிறது. கிரிம் விதி செயல்பட்ட காலத்தில் போயிருந்தால் ககரம் ஹகரமாக மாறியிருக்கும். இச்சொற்கள் ஐரோப்பியர் கப்பலில் வந்த பிறகு போனவை. அந்த விதி அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வேலையை முடித்துக்கொண்டது. ‘பாதம்’ அந்தக் கப்பல்களில் போயிருந்தால் ஆங்கிலத்தில் அது பகரத்தோடு இருக்க வேண்டும். அதற்கும் முன்னே போயிருந்தால், வட ஐரோப்பாவின் அந்த மக்களோடு தமிழர்க்குத் தொடர்பு இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். லத்தீனிலிருந்து பின்னாளில் ஆங்கிலம் எடுத்துக்கொண்ட ‘பெடல்’, ‘பெடஸ்ட்ரியன்’ இரண்டிலும் பகரம் மாறாமல் இருப்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வேற்றுமையிலும் கடன் சொல் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வந்த வீட்டின் முறைக்கே அது நடக்கும். நாம் ‘பஸ்ஸை’, ‘பஸ்ஸுக்கு’ என்கிறோம். ‘பாதம்’ தமிழில் பாதத்தை, பாதத்தின், பாதத்துக்கு என்று மரம், பணம் போலவே நடக்கிறது. வேத மொழியின் குறில் நெடில் மாற்றம் அதில் துளியும் இல்லை. ஆனால் ஜெர்மானியத்தில் இந்தச் சொல் புதிதாக வந்த சொல்லைப் போல எளிய வகையில் சேரவில்லை. மிகப் பழைய, புதிய உறுப்பினர் அரிதாகவே சேரும் மெய்யீற்று வகையில், ஒழுங்கில்லாத வடிவங்கள் அனைத்தோடும் நிற்கிறது. கடன் வாங்குபவர்கள் சொல்லைத்தான் வாங்குவார்கள். அதன் ஒழுங்கின்மைகளைச் சேர்த்து வாங்குவதில்லை.

இதே அளவுகோல் திராவிட மொழிகளின் உறவை அழகாக நிறுவுகிறது. தமிழில் ‘ஆறு’ உருபேற்கும்போது ‘ஆற்று’ ஆகிறது: ஆற்றில், ஆற்றுக்கு. தெலுங்கில் ஆற்றுக்கு ‘ஏரு’. உருபேற்கும்போது ‘ஏட்டி’: ‘ஏட்டிலோ’ என்றால் ஆற்றில். தமிழில் றகரம் இரட்டிக்கும் அதே இடத்தில் தெலுங்கில் கடின டகரம் வருகிறது. எழுவாயில் ஒன்றும் உருபேற்கையில் வேறொன்றுமான இந்த மாற்றத்தைத் தமிழும் தெலுங்கும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கவில்லை. இரண்டும் மூலத் திராவிடத்திலிருந்து பெற்றன. அடி என்ற சொல்லுக்கும் கன்னடத்தில் ‘அடி’, தெலுங்கில் ‘அடுகு’ என்று உறவுகள் இருக்கின்றன. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இல் ஒப்பிட்டுக் காட்டிய, சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், கிரிம்முக்கு ஆறு ஆண்டு முந்தியவர்; 1819இல் இராமநாதபுரத்தில் இறந்தார். 1856இல் கால்டுவெல் அதை விரிவான இலக்கணமாக்கினார். மொழிகளை முறையாக ஒப்பிடும் இந்தக் கலை வளர்ந்ததில் நம் மண்ணுக்குத் தொடக்கத்திலேயே பங்கு இருக்கிறது. அந்தக் கலையின் முதல் விதியை மீறும் பட்டியலை மதுரையிலிருந்து வெளியிடுவது வருத்தம் தருகிறது.

பட்டியலில் இன்னொரு சொல் ‘எய்ட்’, எட்டிலிருந்து வந்ததாம். இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் கோதிக் ‘அஹ்ட்டவ்’, லத்தீன் ‘ஒக்டோ’, சமஸ்கிருத ‘அஷ்ட’ என்று நடுவே ஒரு மெய் முளைக்கிறது. ஆங்கில எழுத்தில் இன்று ஒலிக்காமல் நிற்கும் இரு எழுத்துகள் அதன் எச்சம். தமிழ் எட்டைப் பின்னோக்கிக் கொண்டுபோனால் எண்பது, எண்ணூறு, கன்னட ‘எண்ட்டு’ என்று ணகரம் தெரிகிறது. இன்று ஒத்துத் தோன்றும் இரண்டும் பழமைக்குப் போகப் போக விலகுகின்றன. உறவுச் சொற்கள் பழமைக்குப் போகப் போக நெருங்க வேண்டும்.

இனி இத்தகைய பட்டியலை வெளியிடுமுன் ஆசிரியர் குழு சில சோதனைகளைச் செய்யலாம். தமிழ்ச் சொல் திராவிடச் சொல்தானா என்பதற்கு பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பைப் பார்க்க வேண்டும்; ‘பாதம்’ அங்கே தனிப் பதிவாக இல்லை, ‘அடி’யும் ‘காலு’ம் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் சொற்பிறப்புப் பகுதி. அதில் பழைய வடிவங்கள் நூற்றாண்டு வாரியாக இருக்கும். இன்றைய உச்சரிப்பை ஒப்பிடாமல் இரண்டு பக்கமும் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை ஒப்பிட வேண்டும். காட்டும் ஒலிமாற்றத்துக்கு வேறு நான்கைந்து சொற்களாவது துணை நிற்க வேண்டும். வேற்றுமை வடிவங்களையும் பன்மையையும் கேட்க வேண்டும். கடன் என்றால் யார், எப்போது, எந்த வழியாக என்பதற்கும் விடை வேண்டும்.

பட்டியலில் கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் சரியானவை. அவற்றை நீக்க வேண்டாம். ‘ஃபுட்’, ‘எய்ட்’ இரண்டுக்கும் அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். பேச்சுப் போட்டிகளுக்கு நகலெடுத்த ஆசிரியர்களும் திருத்தத்தையும் சேர்த்து நகலெடுத்துக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மொழியியல் ஆசிரியர்கள் இருவர்,
மதுரை.